பிரமநாயகியின் குருதி வயது

பிரமநாயகிக்கு வயது இருபத்து நான்கு என்று அரசாங்கம் அச்சடித்துக் கொடுத்த அன்று, அவள் பிறந்து அறுபத்து மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. அதே காலையில், அதே மேசையில், அவளுடைய ஒரே மகள் நித்யகல்யாணிக்குத் தொண்ணூற்றொன்று என்று அட்டை கிடைத்தது. மகளுக்கு முப்பத்தேழு.

பாளையங்கோட்டை வயது நிர்ணய மையத்தில் அன்று நல்ல கூட்டம். பிறப்புச் சான்றிதழ்களில் பாதிக்கு மேல் பொய் என்று தெரியவந்த பிறகு, இனி யாருடைய வயதையும் காகிதம் சொல்லக் கூடாது, ரத்தம்தான் சொல்ல வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. விரல் நுனியில் குத்தி ஒரு துளி எடுப்பார்கள். இயந்திரம் அதை உறிஞ்சிக்கொள்ளும். ஒன்றரை நிமிடத்தில் அட்டை வெளியே விழும். வேலை, ஓய்வு, பள்ளிக்கூடம், ஓட்டு, ரயிலில் கீழ்ப் படுக்கை எல்லாமே அந்த அட்டையில் இருக்கும் எண்ணின்படிதான். நான்கு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும்.

"மிஷின்ல ஏதோ கோளாறு," என்றாள் நித்யா.

இயந்திரத்தின் பின்னால் உட்கார்ந்திருந்த ஜெபராஜ் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "மூதாட்டியாரே, முதல்ல உக்காருங்க," என்றான்.

"யாரு மூதாட்டி?"

"கோவிச்சுக்காதீங்க மேடம். எம்பதுக்கு மேல உள்ளவங்கள அப்படித்தான் கூப்பிடணும்னு சர்க்குலர் வந்திருக்கு." குரலைத் தாழ்த்தி, மேலே இருந்த கேமராவைக் கண்ணால் காட்டினான். "மிஷின்ல ஒரு கோளாறும் இல்ல. ரத்தத்துல ஒரு சிவப்பணு நூத்தியிருவது நாள் இருக்கும். புதுசா வரும்போது தட்டையா, நடுவுல குழிஞ்சு, மெத்துன்னு இருக்கும். தன்னைவிடச் சின்னச் சந்துலயும் நெளிஞ்சு போயிரும். நாளாக ஆக மேல்தோலு கொஞ்சம் கொஞ்சமா உதிரும். சுருங்கும், இறுகும், உருண்டு பந்து மாதிரி ஆயிரும். பிறகு வளையாது. இதுக்குள்ள கண்ணாடியில வெட்டுன சந்து இருக்கு. பத்தாயிரம் அணுவை அது வழியா விட்டுப் பாக்குது. வழுக்கிட்டுப் போனா வயசு கம்மி. முட்டிக்கிட்டு நின்னா வயசு கூடுதல். உங்களது முட்டிக்கிட்டு நிக்கி."

நித்யா இடது விலாவுக்குக் கீழே கையை வைத்தாள். "எனக்கு மண்ணீரல் கிடையாது. பத்தொம்பது வயசுல ஸ்கூட்டர்லருந்து விழுந்ததுல கிழிஞ்சு போச்சு. எடுத்துட்டாங்க. அதனாலயா?"

ஜெபராஜின் முகம் விளங்கிப் போனவனின் முகமாக மாறியது. "அதான பாத்தேன். கிழட்டு அணுவைப் பிடிச்சு ஒதுக்குறது மண்ணீரல்தான். அதுக்குள்ளயும் இதே மாதிரி சந்து உண்டு. நெளிய முடியாதது அங்க மாட்டிக்கும். உங்க உடம்புல பிடிக்க ஆளே இல்லாததால எல்லாம் சுத்திக்கிட்டே கெடக்கு."

"அதை எழுதிக் குடுங்க."

"படிவத்துல மண்ணீரலுக்குக் கட்டம் இல்லியே மேடம்."

பிரமநாயகி இதையெல்லாம் கேட்கவில்லை. வரிசையில் நின்ற முன்பின் தெரியாத பெண்களிடம் தன் அட்டையைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் முப்பத்தோரு வருடம் பேருந்தில் நடத்துநராக இருந்தவள். அறுபது வயதில் மாலை போட்டு அனுப்பிவைத்தார்கள். அதற்குப் பிறகு மூன்று வருடமாக வீட்டில் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடைக்குப் போகும்போதுகூட, மேம்பாலத்தில் போகும் வண்டியின் நேரத்தைப் பார்த்து, "பதினொரு நிமிஷம் லேட்டு," என்று யாரிடமாவது சொல்வாள். முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் தானே மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வாள். மறுநாள் காலை அட்டையோடு பணிமனைக்குப் போனாள். முப்பது வயதுக்குள் இருந்து முன் அனுபவமும் இருந்தால் கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. முப்பத்தோரு வருட அனுபவம் உள்ள இருபத்து நான்கு வயதுப் பெண்ணை மேலாளர் அதுவரை பார்த்ததில்லை. இருந்தாலும் கையெழுத்துப் போட்டார். ஜங்ஷன் - சேரன்மாதேவி வழி கிடைத்தது. இன்னும் முப்பத்தாறு வருடம் பணிக்காலம் இருந்தது.

நித்யா நில அளவையர். கங்கைகொண்டான் பக்கம் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு இடையில் வரப்புத் தகராறு. அளந்துகொண்டிருந்தபோது அலுவலகத்திலிருந்து நான்கு பேர் சக்கர நாற்காலியோடு வயலுக்கே வந்துவிட்டார்கள். எண்பதைக் கடந்தவர்கள் பத்து நிமிடத்துக்கு மேல் வெயிலில் நிற்கக் கூடாதாம். வயலில் சக்கரம் உருளவில்லை. அதுவரை முகம் பார்க்காமல் நின்ற அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, நித்யாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு சாலை வரைக்கும் வந்தார்கள். "இந்த வயசுலயும் வேல வாங்குறானுவளே," என்று தம்பி திட்டினான். மறுவாரம் பொன்னாடை போர்த்தி ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

குடும்ப அட்டையும் மாறியது. வயதின்படி அடுக்கும் மென்பொருள் நித்யாவைக் குடும்பத் தலைவி ஆக்கியது. பிரமநாயகிக்கும் தலைவிக்கும் என்ன உறவு என்ற இடத்தில் 'தாய்' என்று போட்டால் சிவப்பாக எரிந்தது. அறுபத்தேழு வயது இளையவள் எப்படித் தாயாக முடியும்? கடைசியில் அலுவலர் அலுத்துப்போய் 'பேத்தி' என்று போட்டுவிட்டார்.

பிரமநாயகி அன்று முழுக்கச் சிரித்தாள். "ஏட்டி தலைவி, எனக்கு டிபன் கட்டி வையி. அஞ்சே காலுக்கு முதல் சிங்கிள், வண்டி கெளம்பிரும்."

நித்யாவும் சிரிக்கத்தான் செய்தாள். ஆனால் காலையில் அம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போன பிறகு, போவதற்கு இடமில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பது எளிதாக இல்லை. மண்ணீரலுக்கு ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லி மனு எழுதினாள். எழுதி எழுதி அனுப்பினாள். 'தங்கள் முதுமையை அரசு வணங்குகிறது' என்று ஒரே பதில் பதினான்கு முறை வந்தது.

நான்கு மாதம் கழித்து பிரமநாயகியின் அட்டையில் பத்தொன்பது என்று வந்தது.

வயது ஏறாமல் இறங்கியது ஜில்லாவிலேயே அபூர்வம். பணிமனையில் பேனர் கட்டினார்கள். உள்ளூர் செய்திச் சேனலில் இருந்து வந்து, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்கள். முருங்கைக்கீரை என்றாள். மறுநாள் ஊரில் முருங்கை மரங்கள் மொட்டையாயின.

நித்யா மட்டும் வேறு சிலவற்றைக் கவனித்தாள். அம்மா மாடிப்படியில் பாதியில் நின்று சுவரைப் பிடிக்கிறாள். உதடு வெளுத்திருக்கிறது. உள்ளங்கைக் கோடுகளில் சிவப்பே இல்லை. சோற்றைப் பிசைந்தபடியே கண் அயர்ந்துவிடுகிறாள்.

"யம்மா, ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு போயிட்டு வருவோம்."

"எதுக்கு?"

"மூச்சு வாங்குதுல்லா."

"நின்னுக்கிட்டே எட்டு சிங்கிள் அடிச்சா வாங்காம என்ன செய்யும்? வேற கண்டக்டர்கிட்ட எல்லாம் போயி இந்தக் கேள்வி கேப்பியா?"

"ஆளு வெளுத்துப் போயிருக்கம்மா. எனக்குப் பயமா இருக்கு."

பிரமநாயகி தட்டைத் தள்ளிவைத்தாள். "ஒனக்குப் பயம் இல்லட்டி, பொறாமை. ஒனக்குத் தொண்ணூத்தொண்ணு, எனக்குப் பத்தொம்பது. ஒன்னால தாங்க முடியல. மூணு வருஷமா ஒரு மூலையில கெடந்தேன், அப்ப யாரும் ஏன்னு கேக்கல. இப்பதான் மனுஷியா நடமாடுதேன். அதைக் கெடுத்துராத."

நித்யா தட்டை எடுத்துக் கழுவப் போனாள். பெற்ற அம்மா தன்னைப் பொறாமைக்காரி என்று சொன்னது அவளை நன்றாகவே குத்தியது. அதில் ஒரு துளி உண்மை இருந்ததால் கூடுதலாகக் குத்தியது.

மூன்றாவது அட்டையில் பதினாறு.

அதை எடுத்துக்கொண்டு பிரமநாயகி வழக்கம் போல வேலைக்குப் போனாள். வண்ணார்பேட்டை நிறுத்தத்தில் குழந்தைத் தொழிலாளர் தடுப்பு அதிகாரிகள் மூன்று பேர் பேருந்தில் ஏறினார்கள். டிக்கெட் எடுக்கச் சொல்லிக் கையை நீட்டியவளிடம், "பயப்படாதம்மா, நாங்க ஒன்ன மீட்க வந்திருக்கோம்," என்றார்கள். பயணிகள் முன்னிலையில் பையையும் விசிலையும் பறிமுதல் செய்தார்கள். சிறுமியை வேலைக்கு வைத்ததாகப் பணிமனை மேலாளர் மேல் வழக்கு. ஜீப்பில் உட்காரவைத்து பிரமநாயகியின் கையில் ஒரு பிஸ்கட் பொட்டலத்தைக் கொடுத்தார்கள். வீட்டு வாசலில், தொண்ணூற்றொரு வயதுப் பாதுகாவலர் என்ற முறையில் நித்யாவிடம் கையெழுத்து வாங்கினார்கள். திங்கட்கிழமைக்குள் மறு சோதனை செய்து பதினோராம் வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று எச்சரித்துவிட்டுப் போனார்கள்.

பிரமநாயகி அழவில்லை. பிஸ்கட்டைப் பிரிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். "பத்தொம்பதோட நின்னுருக்கலாம்லா," என்றாள். படியேறும்போது மூன்றாவது படியில் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்த பிறகுதான் கண் திறந்தது.

பக்கத்து வீட்டுக்காரியை அம்மாவுக்குத் துணையாக வைத்துவிட்டு நித்யா நேராக ஜெபராஜிடம் போனாள்.

"இருபத்து நாலு, பத்தொம்பது, பதினாறு. மனுஷருக்கு இப்படி இறங்குமா?"

ஜெபராஜ் மூன்று எண்களையும் வரிசையாகப் பார்த்தான். கைத்துண்டை எடுத்துக் கேமராவின் மேல் போட்டான். சன்னலைச் சாத்தினான்.

"மேடம், இது சின்னப்பிள்ளை ரத்தம் இல்ல. புது ரத்தம். ரெண்டும் வேற. அணு எல்லாம் நேத்துப் பொறந்த மாதிரி பெருசா, மெத்துன்னு இருக்கு. பழசே இல்ல. பழசு எங்க போச்சு? உங்கம்மாவுக்கு மண்ணீரல் இருக்குதான். ஆனா இவ்வளவு வேகமா அது எடுக்காது. எங்கயோ ரத்தம் போயிட்டிருக்கு. போகப் போக எலும்புக்குள்ள புதுசா செஞ்சு செஞ்சு அனுப்புது. போறது கூடக் கூட வயசு கொறையும்."

"அப்ப இந்த மிஷின்?"

"அணுவோட வயசைத்தான் அளக்குது. ஆளோட வயசை யாரு அளந்தா?"

"இது ஒங்களுக்கு முதல்லயே தெரியுமா?"

"கொறஞ்சா எல்லாரும் சந்தோஷமாப் போறாங்க மேடம். கூடினாதான சண்டைக்கு வாராங்க. சந்தோஷமாப் போறவங்கள நிறுத்தி என்னத்தக் கேக்க?"

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நுழைவாயிலில் அட்டையைத் தேய்த்ததும் பிரமநாயகியைக் குழந்தைகள் பிரிவுக்கு அனுப்பினார்கள். சுவரெல்லாம் கிளியும் யானையும் வரைந்திருந்தது. நர்ஸ், "வாங்க பாப்பா, ஊசி எல்லாம் கிடையாது," என்று கன்னத்தைத் தட்டினாள். குழந்தை மருத்துவர் கணினியைப் பார்த்துக்கொண்டே, "பதினோராம் கிளாஸா? பரீட்சை பயம் இருக்கும். காலையில சாப்பிடாமப் போவா," என்றார்.

"சார், அவங்க எங்கம்மா. எங்கயோ ரத்தம் போகுது. திரும்பிப் பாருங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். நரைத்த தலையையும் வெளுத்த முகத்தையும் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. பார்வையில் ஒரு சங்கடம் வந்தது. "நீங்க சொல்றது புரியுது பாட்டி. வயித்துக்குள்ள குழாய் விட்டுப் பாக்கணும்தான். ஆனா பதினாறு வயசுக்கு அந்த டெஸ்டை சிஸ்டத்துல கேக்கவே முடியாது. கட்டமே திறக்காது." பூச்சி மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்து நடைபாதையில் நின்றார்கள். பிரமநாயகி சுவரில் சாய்ந்துகொண்டாள். நித்யாவின் அட்டையை எங்கோ ஒரு கருவி படித்திருக்க வேண்டும், ஊழியர் ஒருவர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். "மூதாட்டியார் நித்யகல்யாணி யாரு? எம்பதுக்கு மேல உள்ளவங்களுக்கு வரிசை கிடையாது. எந்த டெஸ்ட்டு வேணும்னாலும் இப்பவே."

நித்யா ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. "இவங்கதான்," என்று அம்மாவைக் காட்டினாள்.

"ஏட்டி, என்ன சொல்லுத? என்னைத் தொண்ணூத்தொண்ணுன்னா?"

"ஒரு மணி நேரம் கிழவியா இரும்மா."

"எவனாவது பாத்தா என்ன நெனைப்பான்? நேத்து வரைக்கும் டிவியில காட்டுனாம்லா." பிரமநாயகியின் கண் கலங்கிவிட்டது. ஜீப்பில் ஏற்றியபோது வராத அழுகை அது.

"செத்துப் போயிருவம்மா," என்றாள் நித்யா. வேறு விதமாகச் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை.

பிரமநாயகி மகளைப் பார்த்தாள். பிறகு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள்.

முதியோர் பிரிவில் டாக்டர் மும்தாஜ் அட்டையை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, கீழிமையை இழுத்துப் பார்த்தார். அடிவயிற்றை அழுத்தினார். "வெளிக்குப் போறது கறுப்பாப் போகுதா? தார் மாதிரி?"

பிரமநாயகி சேலைத் தலைப்பை இழுத்து வயிற்றை மூடினாள்.

"யம்மா, கேக்காங்கல்லா."

"ஒரு வருஷமா," என்றாள். "சொன்னா வண்டியை விட்டு இறக்கிருவாங்கன்னு சொல்லல."

முழங்கால் வலி மாத்திரை இரைப்பையில் புண்ணாக்கி, அதிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. குழாய் வழியாகவே அடைத்தார்கள். மூன்று பை ரத்தம் ஏற்றினார்கள். இன்னும் பத்து நாள் போயிருந்தால் கைமீறிப் போயிருக்கும் என்று டாக்டர் நித்யாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். டிஸ்சார்ஜ் சீட்டில் கையெழுத்துப் போடும்போது, "தொண்ணூத்தொண்ணு வயசுக்கு அம்மா நல்லா தேறிட்டாங்க," என்றார். சிரித்தாரா என்று மாஸ்க்குக்கு மேலே தெரியவில்லை.

அம்மாவின் உதட்டில் சிவப்பு திரும்பியது. அடுத்த வாரம் பள்ளியில் சேர்ப்பதற்கான மறு சோதனைக்குக் கூட்டிப் போனாள் நித்யா. ஜெபராஜ் அட்டையைத் தயங்கித் தயங்கி நீட்டினான். அறுபத்தாறு.

"மூணு வயசு கூட்டிப் போட்டிருக்கான்!" என்றாள் பிரமநாயகி.

"ஏத்துன ரத்தம் பையில நாலஞ்சு வாரம் இருந்திருக்கும். குளிர்ல இருந்தாலும் அதுக்கும் வயசாகும். அதான் கொஞ்சம் முட்டுது," என்றான் ஜெபராஜ். பிரமநாயகி வீடு வரும்வரை அவனைத் திட்டிக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்து, சீருடையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, பீரோவில் அடியில் வைத்தாள்.

மூன்றாவது நாள் வயதுத் தீர்ப்பாயத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. பதினாறு வயதுச் சிறுமி ஒருத்தி, தொண்ணூற்றொரு வயதுப் பாதுகாவலரின் பராமரிப்பில் இருந்தபோது, ஒரே மாதத்தில் ஐம்பது ஆண்டு இளமையை இழந்திருக்கிறாள். அந்த இளமை எங்கே போனது? பாதுகாவலர் அபகரித்தாரா? கூடவே, அட்டை முறைகேடு என்று இன்னொரு குற்றச்சாட்டு.

விசாரணை மூன்றாவது மாடியில். விசாரணை அலுவலர் சங்கரநயினார், கண்டிப்பானவர் என்று பெயரெடுத்தவர். லிஃப்ட் ஓடாததால் படியேறித்தான் வந்தார். வந்து உட்கார்ந்தவர் உடனே ஆரம்பிக்கவில்லை. கண்ணை மூடி, மேசையில் இரண்டு கையையும் ஊன்றி, மூச்சு சீராகும் வரை காத்திருந்தார். குற்றம் சாட்டப்பட்டவருக்கு எண்பதுக்கு மேல் என்பதால் நித்யாவுக்கு மெத்தை போட்ட நாற்காலி கொடுத்தார்கள்.

"பதினாறு வயசுப் பிள்ளைய இப்படி ஆக்கியிருக்கீங்களே பாட்டி, என்ன பண்ணினீங்க?" என்று கேட்டார்.

நித்யா எதையும் மறைக்கவில்லை. சிவப்பணு எப்படிச் சுருங்கி இறுகுகிறது என்பதில் தொடங்கி, ரத்தம் போகப் போக வயது குறைந்ததையும், கட்டம் திறக்காததையும், தன் அட்டையில் அம்மாவை உட்காரவைத்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். "நான் செஞ்சது தப்புன்னா தண்டனை குடுங்க சார். எங்கம்மா உயிரோட உக்காந்திருக்காங்க. அது போதும்."

தட்டச்சர் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டிருந்தார். சங்கரநயினார் குறுக்கிடவே இல்லை. நித்யா முடித்தபோது அவர் உதடு வெளுத்திருந்தது. பிரமநாயகி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடுகிற வண்டியில், கூட்டத்துக்கு நடுவில், யாருக்கு மயக்கம் வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளும் கண் அவளுடையது.

"எத்தனை மாசமா சார்?" என்று கேட்டாள்.

சங்கரநயினார் தட்டச்சரின் பக்கம் கையை உயர்த்தினார். "இது வேண்டாம். அடிக்காதீங்க." தட்டச்சர் நிறுத்தினார். "கொஞ்சம் வெளிய இருங்க."

கதவு சாத்தப்பட்டது. அவர் சட்டைப் பையிலிருந்து தன் அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். ஐம்பத்தேழு வயது மனிதரின் அட்டையில் இருபத்தொன்பது என்று இருந்தது.

"போன தடவை முப்பத்தஞ்சு," என்றார். "வீட்டுல கேக் வெட்டினாங்க."

பிரமநாயகி எழுந்தாள். மேசையைச் சுற்றிப் போய் அவர் நாற்காலியைப் பின்னால் இழுத்தாள்.

"எந்திரிங்க சார். படியில மெதுவா இறங்குவோம். இப்ப ஆஸ்பத்திரிக்கு ஒரு வண்டி இருக்கு, அதைப் பிடிச்சிரலாம்."